தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது காதையும் கணக்கில் சேருங்கள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மேற்குப் பகுதியில், செவித்திறன் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் இங்கே புல்வெளிகளில் பிரெய்ரி நாய் வேட்டை சூடுபிடித்துவிடும். பெயரில்தான் நாய், உண்மையில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் அணில் இனம் அது. மாடுகளுக்கு வேண்டிய புல்லை மேய்ந்துவிடுகிறது என்று பண்ணைக்காரர்களே ஆட்களை வரவழைத்துச் சுடச் சொல்வார்கள். மான் வேட்டைக்குப் போகிறவர் சீசன் முழுக்கச் சேர்த்தாலும் சில தோட்டாக்கள்தான் சுடுவார். இங்கேயோ ஒரே நாளில் 300 தோட்டாக்களைத் தீர்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்களில் சிலரை நான் ஜூலையில் பார்க்கிறேன்.

வந்து உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டில் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை." பரிசோதித்தால் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும், அந்தச் சுருதியில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். வலது கையால் சுடுகிறவருக்குப் பள்ளம் இடது காதில் ஆழமாக இருக்கும். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது இடது காதுதான் குழல்வாயைப் பார்த்திருக்கிறது. வலது காதுக்குத் தலையே மறைப்பாகிவிடுகிறது. உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்துப்போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கின்றன, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த வேட்டைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர்கள் வேகத்தைப் பேசுவார்கள், காற்று எவ்வளவு தள்ளும் என்று பேசுவார்கள், விலையையும் குழலின் ஆயுளையும் பேசுவார்கள். எல்லாம் நியாயமான கவலைகள்தான். ஆனால் குழலைத் தேய்ப்பதும் காதைத் தேய்ப்பதும் பெரும்பாலும் ஒரே பொருள்: உள்ளே எரியும் வெடிமருந்து. 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த .22-250 என்ற தோட்டா ஏறக்குறைய 35 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சின்ன எடையளவு) மருந்தை எரிக்கிறது. .223 ரெமிங்டனுக்கு 25 கிரெய்னை ஒட்டிப் போதும். 2004-இல் வந்த .204 ரூகர் அதைவிடச் சற்றே கூடுதலாகக் கேட்கும். 2002-இல் வந்த .17 எச்எம்ஆர் என்ற ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவோ 5 கிரெய்னைச் சுற்றியே முடித்துவிடுகிறது. 400 கஜத்துக்கு அப்பால் குறிவைக்க .22-250-க்கு ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் இங்கே பெரும்பாலான சூடுகள் அவ்வளவு தூரத்தில் நடப்பதில்லை.

ஒலியளவை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். திடீர் வெடியோசைக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 140 டெசிபல். .223, .22-250 போன்ற சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடித்து வெடிக்கும்) தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்கள் பொதுவாக 155-க்கும் 165-க்கும் இடையில் இருக்கும். சாதாரண .22 ரிம்ஃபயர் 140-ஐ ஒட்டி நிற்கும், .17 எச்எம்ஆர் அதற்குச் சற்று மேலே. டெசிபலில் 10 கூடினால் ஆற்றல் 10 மடங்காகிறது. ஆகவே அதே 300 தோட்டாக்கள், ஆனால் காதில் இறங்கும் சுமை வேறு. தீபாவளிப் பட்டாசுக்கு இந்தியாவில் 4 மீட்டர் தள்ளி அளந்து 125 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அளக்கும் முறை வேறுதான். ஆனாலும் ரைஃபிளின் குழல்வாய் காதிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் அறிவுரை இது. 150 கஜத்துக்குள் .17 எச்எம்ஆர். காற்றடிக்கும் நாளில் அதன் சின்னக் குண்டு தடுமாறும், அப்போது கிட்டே வருவதை மட்டும் சுடுங்கள். அதற்கு மேல் .223. முழு நாளும் .22-250-ஐ வைத்துச் சுடாதீர்கள்.

துப்பாக்கி உதைக்காமல் இருக்கக் குழல்வாயில் மஸில் பிரேக் மாட்டுகிறார்கள். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். முன்னே போக வேண்டிய வெடிவாயுவை அது பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடுகிறது. சுடுபவர் காதில் 5 முதல் 10 டெசிபல் கூடும், பக்கத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பவர் பாடு இன்னும் மோசம். .223-இன் உதைக்கு அது தேவையே இல்லை. அதற்குப் பதில் வெடியோசையை அடக்கும் சப்ரஸர் மாட்டலாம். கூட்டரசுப் பதிவு வேண்டும், ஆனால் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் அதன் 'டப்' என்ற வெடிப்பு மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே சப்ரஸர் மாட்டினாலும் காதுக் காப்பைக் கழற்றக் கூடாது.

காப்பு என்றால் இரண்டும்: உள்ளே நுரை அடைப்பான், மேலே காதை மூடும் மஃப். இரண்டையும் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகிவிடாது. நல்லதாக உள்ள ஒன்றின் மேல் 5 டெசிபல் போல்தான் கூடும். ஆனாலும் ஒன்று நழுவினால் மற்றது இருக்கும், அதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் மஃப் நழுவத்தான் செய்கிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பு ஒரு இடைவெளி விடும். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைத்ததும் மஃபின் கீழ் விளிம்பு தூக்கிக்கொள்ளும், சுடும் அந்த நொடியில். மெல்லிய மஃபாக வாங்குங்கள். நுரை அடைப்பானை நன்றாகச் சுருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். நானே கையில் கொடுத்து எத்தனையோ பேரைச் செருகச் சொல்லியிருக்கிறேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் வழக்கம்.

அன்றிரவு காதில் இரைச்சலோ பஞ்சு அடைத்த உணர்வோ இருந்தால், மறுநாள் தானாகக் குறைந்தாலும் அது காது பட்ட அடிதான். மறுநாளும் போகவில்லையென்றால் உடனே காது மருத்துவரைப் பாருங்கள், வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பல வருடமாக என்னிடம் வரும் பண்ணைக்காரர் ஒருவர், இடது காதில் இப்போது கருவி போட்டிருக்கிறார். சென்ற மே மாதம் 12 வயது மகளை அழைத்து வந்தார். அவள் இன்னும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. "சுடுவதற்கு முன்னால் அவள் காது எப்படி இருந்தது என்று எழுதி வைத்துவிடுங்கள்" என்றார். எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு காதும் ஒரே அளவு.