முக்திநாத் போறீங்களா? எந்த ராத்திரி எந்த உயரத்துல தூங்கப்போறீங்கன்னு முதல்ல பாருங்க

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடின திருச்சாளக்கிராமம்னு நம்ம ஆளுங்க சேவிக்கற முக்திநாத் நேபாளத்துல முஸ்தாங் மாவட்டத்துல சுமார் 3,750 மீட்டர் உயரத்துல இருக்கு. போறவங்கள்ல நிறைய பேர் அறுபது தாண்டினவங்க, கூடவே பிரஷர், சுகர், முட்டி வலி எல்லாம் வரும். டூர்காரங்க குடுக்கற லிஸ்ட்ல ஸ்வெட்டர், குரங்கு குல்லா, டார்ச், கையுறை எல்லாம் இருக்கும், ஆனா எந்த நாள் ராத்திரி எந்த உயரத்துல படுக்கப்போறோம்ங்கற கணக்கு பெரும்பாலும் இருக்காது. என்னைக் கேட்டா முதல்ல பார்க்கவேண்டியதே அந்தக் கணக்குதான்.

பொக்கரா 820 மீட்டர்தான். அங்க காலைல குட்டி விமானத்துல ஏறினா இருபது நிமிஷம் சொச்சத்துல ஜோம்சோம், உயரம் சுமார் 2,740. நம்ம ஊட்டி தொட்டபெட்டா உச்சியே 2,637 தான், அப்போ விமானத்த விட்டு இறங்கின உடனேயே தமிழ்நாட்டோட உயரமான இடங்களை எல்லாம் ஏறக்குறைய தாண்டிட்டீங்க, அதுக்கப்புறம் ஜீப்புல ஏறி அதே நாள் இன்னும் ஆயிரம் மீட்டர் மேல போறீங்க. காட்மாண்டுல ரெண்டு நாள் இருந்தோமே உடம்பு பழகியிருக்கும்னு சிலர் நினைக்கறாங்க, காட்மாண்டு 1,400 மீட்டர்தான், பெங்களூரை விட கொஞ்சம் அதிகம், அது பழக்கத்துல சேராது. உடம்பு பழகறதுக்குள்ள வேகமா மேல போனா வர்ற தொந்தரவுக்குத்தான் உயர நோய்னு பேர், பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான் அது ஆரம்பிக்கும்.

மேல போனா காத்துல ஆக்சிஜன் சதவீதம் குறையுதுன்னு பல பேர் நினைக்கறோம். சதவீதம் எங்க போனாலும் அதே 21 தான், குறையறது அழுத்தம். பஞ்சு மூட்டைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சா அடி மூட்டை நசுங்கி கெட்டியா இருக்கும், மேல் மூட்டை பொசுபொசுன்னு இருக்கும்ல, காத்தும் அப்படித்தான் தன் எடையிலயே கீழ கெட்டியா கிடக்கு. கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்னா முக்திநாத்ல ஏறக்குறைய 480, அதனால ஒரு மூச்சு இழுத்தா நுரையீரலுக்குள்ள போற ஆக்சிஜன் சென்னைல கிடைக்கறதுல கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான்.

இத முதல்ல கண்டுபிடிக்கறது கழுத்து ரத்தக்குழாய் பக்கத்துல இருக்கற ஒரு சின்ன உணர்வு உறுப்பு. ஆக்சிஜன் குறையுதுன்னு அது மூளைக்கு சொன்ன உடனே நீங்க கவனிக்காமலேயே மூச்சு ஆழமா, வேகமா போக ஆரம்பிச்சிடும், ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, வேகமா மூச்சு விட்டா கரியமில வாயுவும் அதிகமா வெளிய போயிடும், அது போனா ரத்தத்தோட அமிலத்தன்மை குறைஞ்சு காரம் ஏறும், காரம் ஏறினா மூளைத்தண்டு “போதும், மூச்சைக் குறை”ன்னு பிரேக் போடும். ஒரு பக்கம் இழுன்னு உத்தரவு, இன்னொரு பக்கம் நிறுத்துன்னு உத்தரவு. ராத்திரி தூக்கத்துல இந்த இழுபறி நல்லா தெரியும், படுத்திருக்கறவருக்கு சில நொடி மூச்சே நின்னு அப்புறம் பெருசா இழுத்துக்கிட்டு வரும், பக்கத்துல படுத்திருக்கற மனைவி பதறிப்போயிடுவாங்க. வேற தொந்தரவு எதுவும் இல்லேன்னா உயரத்துல இது சகஜம்.

இந்த பிரேக்கை எடுத்து விடறது கிட்னி. ரத்தத்துல இருக்கற பைகார்பனேட்ங்கற காரத்தை சிறுநீர்ல கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்தி சமன் பண்ணும், அதுக்குன்னு அவசரப்படாது, நாள் கணக்குல ஆகும். அங்க போனா அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது இதனாலயும்தான். நம்ம வீட்டு பெரியவங்க என்ன பண்றாங்கன்னா குளிர்ல ராத்திரி எழுந்துக்க கஷ்டமா இருக்குன்னு தண்ணி குடிக்கறதையே நிறுத்திடறாங்க, தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, பாத்ரூம் பக்கத்துல இருக்கற ரூமா கேட்டு வாங்கிக் குடுங்க.

டயமாக்ஸ்னு சொல்ற அசெட்டசோலமைடு மாத்திரை பண்றதும் இந்த கிட்னி வேலைய வேகப்படுத்தறதுதான், அறிகுறிய மூடி மறைக்கற மாத்திரை இல்ல. தடுப்புக்கு வழக்கமா 125 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளை, ஏறறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். விரல் நுனி சுருசுருன்னு மரத்த மாதிரி இருக்கும், சோடா குடிச்சா சப்புன்னு இருக்கும், பயப்படவேண்டாம். ஆனா சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கறவங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க, பிரஷருக்கு ஏற்கனவே நீர் பிரியற மாத்திரை போடறவங்க இத சொந்தமா வாங்கி போடவே கூடாது, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட உட்கார்ந்து பேசிடுங்க.

ஏறின ஆறுலிருந்து பன்னெண்டு மணி நேரத்துல தலைவலி வந்து, கூடவே குமட்டல், சாப்பிட பிடிக்காம போறது, அசதி, தலைசுத்தல்னு ஏதாவது சேர்ந்தா அது உயர நோய்னே எடுத்துக்கணும். தினமும் நடக்கறவர், யோகா பண்றவர்ங்கறது இதுக்கு பாதுகாப்பு இல்ல, திடகாத்திரமான பையனுக்கு வரும், பக்கத்துல பாட்டி நல்லா இருப்பாங்க. எனக்கு பெரிய கவலையே என்னன்னா நம்ம பெரியவங்க தலைவலிய வெளிய சொல்லமாட்டாங்க, நம்மளால குரூப்புக்கே தொந்தரவு, தரிசனம் போயிடும்னு மறைப்பாங்க. அதனால நீங்களே காலைலயும் சாயந்திரமும் வாய்விட்டு கேளுங்க, தட்டுல சாப்பாடு மிஞ்சுதான்னு பாருங்க.

முத்தினா ரெண்டு விதமா போகும். மூளை வீங்கினா பேச்சு குழறும், குடிச்சவர் மாதிரி தள்ளாடுவார், ஒரு காலோட குதிகாலை இன்னொரு கால் விரல் நுனில ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடக்கச் சொல்லுங்க, முட்டி வலியோ வேற காரணமோ இல்லாம அது முடியலேன்னா அவசரம். இன்னொண்ணு நுரையீரல்ல நீர் கோத்துக்கறது, ஆக்சிஜன் குறைஞ்சா நுரையீரல் ரத்தக்குழாய்ங்க சுருங்கும், அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே அளவா சுருங்காது, சுருங்காத பக்கம் ரத்தம் மொத்தமா பாஞ்சு அழுத்தத்துல நீர் கசியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கறது, வறட்டு இருமல், உதடு நீலம், அப்புறம் நுரையா சளி. இது ரெண்டுக்கும் ஒரே முதல் சிகிச்சை கீழ இறக்கறதுதான், விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரியே ஜீப்காரரை எழுப்பி, வழியில ஆக்சிஜன் கிடைச்சா அதையும் குடுத்துக்கிட்டு, ஜோம்சோம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், ஆயிரம் மீட்டர் இறங்கறதே பெரிய மருந்து.

இதெல்லாம் வராம இருக்க திட்டம் ரொம்ப எளிமை. 3,000 மீட்டருக்கு மேல தூங்கற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாதுங்கறதுதான் மலை மருத்துவத்துல பொது விதி. முக்திநாத் வாசல்ல இருக்கற ராணிபவுவா ஏறக்குறைய 3,700, அங்க போய் முதல் ராத்திரியே தங்கினா விதி உடைஞ்சு போச்சு. அதுக்கு பதிலா ஜோம்சோம்லயோ 2,670 மீட்டர்ல இருக்கற மார்ஃபாலயோ ரெண்டு ராத்திரி தங்கி, மூணாவது நாள் காலைல மேல போய் சேவிச்சிட்டு சாயந்திரத்துக்குள்ள இறங்கிடுங்க. நடுவுல கிடைக்கற நாள்ல காளி கண்டகி ஆத்தோரமா மெதுவா நடங்க, நாம பூஜிக்கற சாளக்கிராமம் அந்தக் கரையில கிடைக்கறதுதான், டெதிஸ்ங்கற பழைய கடல்ல வாழ்ந்த அம்மோனைட் உயிர்களோட புதைபடிவம் அது, இமயமலை எழும்பினப்போ கடல் அடியே மேல வந்துடுச்சு. மத்தியானத்துக்கு முன்னாடி ரூமுக்கு வந்துடுங்க, அப்புறம் அந்தப் பள்ளத்தாக்குல காத்து பயங்கரமா அடிக்கும், விமானமும் அதனாலதான் காலைல மட்டும்.

ஜீப் நிக்கற இடத்துலருந்து கோயிலுக்கு ஏத்தம், குதிரையும் பைக்கும் கிடைக்கும், வெக்கப்படாம ஏறிக்கோங்க. கோயில்ல 108 தாரைல பனி உருகின தண்ணி கொட்டும், அதுல ஓடி ஓடி குளிக்கணும்னு ஆசை எல்லாருக்கும் இருக்கும், ஆனா அந்தக் குளிர் திடீர்னு பட்டா மூச்சு திணறி இதயத்துடிப்பும் பிரஷரும் சட்டுனு ஏறும், இதய நோய் இருக்கறவங்க தலையில கொஞ்சம் தண்ணி தெளிச்சு புரோட்சணம் பண்ணிக்கிட்டாலே போதும், பெருமாள் ஒண்ணும் குறையா எடுத்துக்கமாட்டார். தரிசனம் ஆகற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடமாட்டேன்னு சுகர் மாத்திரை போடறவங்க, இன்சுலின் போடறவங்க பட்டினி கிடக்கவே கூடாது. இன்சுலின் உறைஞ்சா வீணாயிடும், அதனால செக்-இன் பெட்டில போடாம உள்பாக்கெட்ல உடம்பு சூட்டுல வச்சுக்கணும்.

பச்சைக் கற்பூரத்த துணில கட்டி மோந்து பார்த்தா மூச்சு சரியாகும்னு எல்லாரும் எடுத்துட்டு போறாங்க. மூக்குல குளிர்ச்சிய உணர்ற நரம்ப அது தூண்டறதால மூச்சு லேசான மாதிரி தோணும், ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாது. கைல பிடிக்கற சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிஷத்துல தீர்ந்துடும். விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் அங்க 88, 90னு காட்டறது சாதாரணம், விரல் ஜில்லுனு இருந்தா தப்பாவும் காட்டும், நம்பரை விட ஆளை பாருங்க.

அங்க தண்ணி 88 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதனால குடிக்கற தண்ணிய மூணு நிமிஷம் நல்லா கொதிக்க விடணும். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிய முன்னாடியே போட்டுக்கிட்டா நல்லது. காட்மாண்டு சுயம்புநாத்ல குரங்குங்க அதிகம், நாயோ குரங்கோ கடிச்சா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ரேபிஸ் ஊசிக்கு போகணும்.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லேன்னா ஒரிஜினல் வாக்காளர் அட்டை வேணும், ஆதார மட்டும் நம்பி கிளம்பாதீங்க. இங்க எடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டுல செல்லாது, தனியா எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரைக்கும் பொருந்தும், ஹெலிகாப்டர் செலவு உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. போக நல்ல மாசம்னா மார்ச்சுலருந்து மே, இல்லேன்னா அக்டோபர், நவம்பர், அப்பவும் மேகம் மூடினா ஜோம்சோம் விமானம் ரத்தாகும், ரோட்டு வழியா பொக்கரா வர்றதுக்கு ஒரு முழு நாள் போயிடும், அதனால ஊர் திரும்பற டிக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் இடைவெளி விட்டு, வழக்கமா போடற மாத்திரைய அஞ்சு நாளைக்கு கூடுதலா, டாக்டர் சீட்டோட கைப்பையிலயே வச்சுக்கோங்க.