கடல் அமிலமாதல்: சொல் விளக்கம்

'கரியமில வாயு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும். அதனால்தான் பழைய வேதியியல் அந்த வாயுவுக்கு அமிலத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தது. இன்று கடலுக்கு நேர்வது இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் காற்றுக்குப் போகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. அதன் விளைவுக்கு ஆங்கிலத்தில் 'ஓஷன் அசிடிஃபிகேஷன்' என்று பெயர். 2003-ல் 'நேச்சர்' இதழில் கென் கால்டீராவும் மைக்கேல் விக்கெட்டும் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் பரவியது.

'ஆசிட்' என்பதற்கு மூலம் லத்தீன் 'அசிடஸ்': புளிப்பான என்று பொருள். நம் 'அமிலம்' வடமொழி 'அம்ல'த்திலிருந்து வந்தது. அதற்கும் புளிப்பு என்றே பொருள். இரண்டு மொழியும் நாக்கில் பட்ட சுவையிலிருந்தே பெயரை எடுத்திருக்கின்றன. தனித்தமிழ் எழுதுவோர் 'காடி' என்பார்கள். புளித்த நீரைக் குறிக்கும் அருமையான பழஞ்சொல்தான், ஆனால் வினிகருக்கும் அதே பெயர் இருப்பதால் கடலுக்குப் பக்கத்தில் வைத்தால் குழப்புகிறது.

அமிலத்துக்கு எதிர்ச்சொல் காரம். மிளகாய்க் காரம் இல்லை, வேதியியல் காரம். கடல்நீர் லேசான காரத்தன்மை உடையது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு சராசரியாக 8.2 அளவில் இருந்தது, இப்போது 8.1-ஐ ஒட்டி இருக்கிறது. 8-லிருந்து 7-க்கு என முழுதாக ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் அளவுகோல் இது. அதனால் அந்த 0.1 இறக்கமே, அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியதைக் காட்டுகிறது.

சரி, இன்னும் 7-க்கு மேலேதானே இருக்கிறது, அப்புறம் எப்படி அமிலம் என்பது? கொதித்து இறக்கிய பால் இன்னும் கை சுடும் நிலையில் இருந்தாலும் 'பால் ஆறுகிறது' என்றுதானே சொல்கிறோம். எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லும் சொல் அது. இதுவும் அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதியிருப்பீர்கள். நீர் பால்போல வெளுக்கும். பெரும்பாலும் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால், வெளுத்த நீர் மெல்ல மெல்ல மறுபடி தெளிந்துவிடும். முதலில் மூச்சிலுள்ள கரியமில வாயு நீரில் சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டை உண்டாக்கியது. மிதமிஞ்சிப் போனதும் அதே வாயு அந்தத் தூளைக் கரைத்துவிட்டது. சங்கும் சிப்பியும் பவளமும் உடம்பைக் கட்டிக்கொள்வது இதே கால்சியம் கார்பனேட்டால்தான். கடலில் வாயு கூடக்கூட, ஓடு கட்டத் தேவையான கார்பனேட், அதற்கு உதவாத பைகார்பனேட்டாக மாறிக் குறைந்துபோகிறது. அதிகம் அடிபடுவது பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. 2007 வாக்கில் அங்கே தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. முதலில் கிருமி என்றே நினைத்தார்கள். கடைசியில், ஆழத்திலிருந்து மேலே எழும், கரியமில வாயு மிகுந்த நீரைக் குழாய் இழுத்து வந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வரும் நீரை அளந்து, சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா கலந்துதான் தொட்டிக்குள் விடுகிறார்கள்.

இனி தமிழ்ச் சொல். 'அமிலமயமாதல்' எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கும் நிறைந்திருப்பதுதான் மயம்; வெள்ளத்தில் ஊரே நீர்மயம் என்கிறோம். கடல் அப்படி ஆகவில்லை. 'அமிலமாதல்' பரவலாக வழங்குகிறது, பிழையும் இல்லை. ஆனால் தானாக ஆவதுபோல ஒலிக்கிறது. நான் 'அமிலமேறுதல்' என்பதை விரும்புகிறேன். நிலத்தில் உப்பேறுகிறது, தோசை மாவில் புளிப்பேறுகிறது என்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதை 'ஏறுதல்' காட்டிவிடும். செய்தவரையும் சொல்ல வேண்டிய இடத்தில் பிறவினையே பொருத்தம்: நம் புகை கடலில் அமிலம் ஏற்றுகிறது.