ரிமோட் டிரக் பரிசா? வண்டிக்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள்

தீபாவளி முடிந்த அடுத்த மாதமும் கோடை விடுமுறையின் கடைசி வாரங்களும்தான் எங்கள் மேசையில் டிரக்குகள் குவியும் காலம். ரிமோட் வண்டிகளைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் வேலை. வருகிறவற்றில் பெரும்பாலானவை பரிசாக வந்தவை. சித்தப்பா வாங்கியது, துபாயிலிருந்து மாமா கொண்டு வந்தது, தாத்தா பென்ஷன் பணத்தில் ஆன்லைனில் வரவழைத்தது. மோதி நொறுங்கி வருகிற வண்டி குறைவு. பேட்டரி உப்பியிருக்கும், சார்ஜர் கருகியிருக்கும், இல்லையென்றால் சின்னப் பல்சக்கரம் ஒன்று பல் போய், மாற்றுக்கு எங்கும் கிடைக்காமல் வந்திருக்கும். கடையில் யாரும் இந்த மூன்றையும் பார்ப்பதில்லை. டயர் எவ்வளவு பெரிது, எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

ரிமோட் டிரக்கில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பொம்மை ரகம். ரிசீவர், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுற்று, ஸ்டீயரிங் எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். போர்டு போனால் வண்டியே போனது. இன்னொன்று ஹாபி ரகம். இதில் ரிசீவர், ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., மோட்டார் என எல்லாமே தனித்தனி உறுப்பு. எது பழுதானதோ அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

இரண்டையும் பிரித்தறிய டெக்னீஷியன் தேவையில்லை. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிரிக்கரைக் கொஞ்சமாக அழுத்தும்போது வண்டி மெதுவாக நகர்கிறதா? ரிமோட்டின் சக்கரத்தைப் பாதி திருப்பினால் முன் டயர் பாதிதான் திரும்புகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஹாபி ரகம், அல்லது அதற்கு நெருங்கியது. தொட்டவுடன் முழு வேகம், திருப்பினால் முழு இடது அல்லது முழு வலது என்றால் பொம்மை ரகம். இப்படிப்பட்ட வண்டியில் குழந்தை எவ்வளவு பழகினாலும் கை பதமாகாது, ஏனென்றால் கையின் நுணுக்கம் வண்டிக்குப் போய்ச் சேர்வதே இல்லை. சுவரில் மோதிக்கொண்டே இருந்துவிட்டு ரெண்டாம் வாரம் அலுத்துவிடும். “பிள்ளைக்கு இதில் ஆர்வமே இல்லை” என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது அந்த ரிமோட்டைத்தான்.

அதற்காகப் பொம்மை ரகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு வயதுக்குக் கீழே அதுவே போதும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். மின்சாரப் பொம்மைகளுக்கான தர எண் ஐ.எஸ். 15644. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடும்படி இருக்க வேண்டும். ரிமோட்டில் வட்டமான பட்டன் செல் போடும் வண்டி, தவழும் தம்பி தங்கை உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். பென்சில் செல் போடும் ரிமோட்டே நல்லது.

ஹாபி வண்டிகளின் பெட்டியில் பெரும்பாலும் ‘14+’ என்று போட்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கக் கூடாது என்றில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், பேட்டரியைக் கையாளுவது பிள்ளையின் வேலை இல்லை. அந்த வீட்டில் அப்படி நிற்க ஆள் உண்டா என்பதையும் யோசித்துத்தான் பரிசைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி பேட்டரி. இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதல் டிரக்கில் வரக்கூடியவை இரண்டு வகை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது நிம்ஹ் (ஒரு செல் 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 7.2). அடுத்தது லித்தியம். அது லைப்போ (லித்தியம் பாலிமர்) என்கிற தட்டையான பையாகவோ உருளை செல்லாகவோ இருக்கும். ஒரு செல் 3.7 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 7.4, இதைத்தான் 2எஸ் என்பார்கள். லைப்போ லேசானது, வண்டியைச் சீறிப் பாய வைக்கும். ஆனால் அதற்கு நாலு கட்டுப்பாடு உண்டு. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, முழு சார்ஜில் மாதக்கணக்காகக் கிடக்கக் கூடாது, குத்துப்படக் கூடாது. பரிசு வண்டியின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். லீவில் பத்து நாள் ஓடும், அப்புறம் பரீட்சை வரும், அடுத்த லீவு வரை பீரோ மேலே கிடக்கும். ஓட்டித் தீர்த்தபடியே வைத்தால் லைப்போ செத்துப்போகும், முழுதாக ஏற்றி வைத்தால் உப்பும். ஒரு செல் 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவைக்க வேண்டும் என்பதைப் பிள்ளை மட்டுமல்ல, அப்பாவும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. அதனால் முதல் டிரக்குக்கு நிம்ஹ் பேட்டரியைத்தான் சொல்வேன். கனம் அதிகம், வேகம் குறைவு, இருந்தாலும் மறதியைப் பொறுத்துக்கொள்ளும்.

உப்பிய பேட்டரி பேக் என் மேசைக்கு வரும் வழி பெரும்பாலும் இதுதான்: வண்டி நிம்ஹ் பேட்டரியோடு வந்திருக்கும். மூன்று மாதம் கழித்து யாராவது “லைப்போ போட்டால் பறக்கும்” என்று ஒன்றை வாங்கிப் போடுவார்கள். ஈ.எஸ்.சி. நிம்ஹ் நிலையிலேயே இருக்கும். லைப்போ நிலைக்கு மாற்றியிருந்தால் வோல்ட் இறங்கியதும் அது தானே மோட்டாரை நிறுத்தும். மாற்றாததால் வண்டி நகர மறுக்கும் வரை ஓட்டுவார்கள், செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும், அதை மறுபடி சார்ஜில் போடுவார்கள். எந்த விளக்கு எப்படி மின்னினால் எந்த நிலை என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்தக் கையேட்டைத்தான் முதல் நாளே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

உப்பிய பேக்கை அழுத்திப் பார்க்காதீர்கள், ஓட்டை போடாதீர்கள், இன்னொரு முறை சார்ஜ் ஏற்றவே ஏற்றாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அங்கே நசுங்கித் தீப்பிடிக்கும்.

ஆன்லைன் மலிவு வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. 18650 என்கிற உருளை செல்லின் மேல் 9900 எம்.ஏ.எச். (செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) என்று அச்சடித்திருப்பார்கள். நல்ல கம்பெனி செல்லே அந்த அளவில் 3500ஐ ஒட்டித்தான் தரும். இப்படிப் பொய் எண் போட்ட பேக்கைப் பார்த்தால், அதன் பாதுகாப்புச் சுற்றைப் பற்றி நான் நல்ல விதமாக நினைக்க மாட்டேன். இந்த வண்டிகளில் பல ஒரே மாதிரியான இரண்டு பின் எஸ்.எம். கனெக்டரோடு வருகின்றன. 4.8 வோல்ட் நிக்கல் காட்மியம் என்கிற பழைய வகை பேக்குக்கும் அதே கனெக்டர், 7.4 வோல்ட் லித்தியம் பேக்குக்கும் அதே கனெக்டர். அண்ணனின் பழைய காருக்கு வந்த யூ.எஸ்.பி. சார்ஜர் தம்பியின் புது டிரக்கில் ஒழுங்காகப் பொருந்தும். ஏற்றக் கூடாததை ஏற்றும். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் ஒரே நிற டேப் ஒட்டிவிடுங்கள்.

2எஸ் லைப்போ பேக்கில் மின்கம்பிகளோடு மூன்று மெல்லிய கம்பி சேர்ந்த வெள்ளை கனெக்டர் ஒன்று தொங்கும். இரண்டு செல்லும் சமமாக ஏறுகின்றனவா என்று பார்ப்பது அதன் வழியாகத்தான். சார்ஜரில் அதற்கான குழி இல்லையென்றால் அந்த சார்ஜர் வேண்டாம். ஓடிக் களைத்த பேட்டரியை, எந்த வகையானாலும், சூடு ஆறிய பிறகே ஏற்றுங்கள். டைல்ஸ் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும்போது ஏற்ற வேண்டும். கட்டில் மெத்தைமேல் ராத்திரி முழுக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிற மாமாவுக்கு ஒரு வார்த்தை. இங்கே பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. ஆகவே அங்கே மலிவு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அமெரிக்கப் பெட்டியில் வரும் சுவர் சார்ஜரின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘100-240’ என்றிருந்தால் கவலையில்லை. வெறும் ‘120’ என்றிருந்தால், நம் ஊர் 230 வோல்ட்டில் பின் கன்வர்ட்டர் போட்டுச் செருகிய அன்றே கருகிவிடும். பின் கன்வர்ட்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. தனியாகக் கொண்டு வரும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. 100 வாட்-மணி (வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவது) வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 7.4 வோல்ட், 5000 எம்.ஏ.எச். பேக் என்றால் 37 வாட்-மணிதான். முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அளவும் வேகமும் அடுத்தது. 1/10 அளவு டிரக், அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ளது, இரண்டு, இரண்டரை கிலோ எடை இருக்கும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு குழந்தையின் கணுக்காலில் மோதுவதும், ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து அதே டிரக் கீழே விழுவதும் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈ.எஸ்.சி.யில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி நிலை உள்ள வண்டிகள் உண்டு. 1/10 வாங்கினால் அப்படி ஒன்றைத்தான் வாங்குங்கள். தெருவில் ஓட்டாதீர்கள். மைதானம் பக்கத்தில் இல்லாத அபார்ட்மென்ட் பிள்ளைக்கு 1/24 அல்லது 1/18 கிராலர் என் தேர்வு. மெதுவாகப் போகும், செங்கல் மீதும் தலையணை மீதும் ஏறும், எங்கே எப்படி ஏற்றுவது என்று பிள்ளை மணிக்கணக்காக மண்டையைக் குடையும். கூட்டத்தில் யாராவது “எவ்வளவு ஸ்பீடு?” என்று கேட்டால் கொடுத்தவருக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கலாம், பரவாயில்லை.

மோட்டார் பிரஷ் (சுழலும் பகுதியைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) உள்ளதா, அது இல்லாத பிரஷ்லெஸ்ஸா என்று கேட்கிறார்கள். முதல் வண்டிக்குப் பிரஷ் மோட்டார் போதும்.

கடற்கரைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பது எலெக்ட்ரானிக்ஸைப் பற்றியது, பேரிங்கைப் பற்றியது அல்ல. உப்பு மணல் பேரிங்கையும் மோட்டாரின் பிரஷ்ஷையும் தின்றுவிடும். உயரமான புல்லும் மோட்டாரைச் சுட்டெடுக்கும். தலைமுடி, மாஞ்சா நூல், தேங்காய் நார் எல்லாம் அச்சில் சுற்றிக்கொள்ளும், அவ்வப்போது பார்த்து எடுத்துவிட வேண்டும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த மாடலுக்கு ஸ்பர் கியரும் முன்பக்க ஆர்மும் தனியாகக் கிடைக்குமா?” (ஸ்பர் கியர் என்பது மோட்டாரின் சுழற்சியை வாங்கும் பல்சக்கரம், ஆர்ம் என்பது சக்கரத்தைத் தாங்கும் கை.) பெட்டியிலுள்ள மாடல் எண்ணைச் சொல்லி அவர் விலை சொன்னால் நல்லது. “அதெல்லாம் உடையாது சார்” என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். கல் ஒன்று மாட்டினாலே ஸ்பர் கியர் பல் போய்விடும், ஆர்ம் உடையத்தான் செய்யும். ஆன்லைனில் வாங்குவதானால் மாடல் எண்ணைத் தேடி உதிரி உறுப்பு விற்பனைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மாடல் எண்ணே போடாத வண்டியை விட்டுவிடுங்கள்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டியில் போட்டுவிடாமல் ஒரு படி சின்ன வண்டியை வாங்கி, மிச்சத்தில் நல்ல சார்ஜர், இன்னொரு பேட்டரி, ரிமோட்டுக்குப் பென்சில் செல், ஒரு ஸ்பர் கியர், ஹெக்ஸ் டிரைவர் செட் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள் பெட்டியைப் பிரித்து பேட்டரியை ஏற்றி, பயிற்சி நிலையைப் போட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது முதலில் ரிமோட்டை ஆன் செய்து பிறகு வண்டியை ஆன் செய்ய வேண்டும், நிறுத்தும்போது முதலில் வண்டியை ஆஃப் செய்ய வேண்டும். இந்த வரிசையை ரிமோட்டின் முதுகில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி, பெட்டியை மூடி, மறுபடி பேப்பர் சுற்றிவிடுங்கள்.