மைனஸ் இரண்டோடு கணக்கு முடிவதில்லை

பகலில் கஞ்சிக்கோட்டில் நெட்வொர்க் வேலை. சாயங்காலம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெட்வொர்க்கிங் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள்தான் அதிகம். மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் சப்நெட், அதாவது பெரிய நெட்வொர்க்கைப் பிரித்த துண்டு, பற்றிய கேள்வியைப் பார்த்ததும் ஐபி முகவரியின் 32 பிட்டையும் பைனரியில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சிசிஎன்ஏ தேர்வு 120 நிமிடம். கால்குலேட்டர் கிடையாது. அங்கே அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

ஸ்லாஷ் எண் என்பது அந்த 32 பிட்டில் நெட்வொர்க்குக்கு ஒதுக்கிய பிட்டுகள். /24 என்றால் 256 முகவரிகள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்லாஷ் எண் ஒன்று கூடினால் பாதி, ஒன்று குறைந்தால் இரட்டிப்பு. /27 கேட்டால் மூன்று விரல் மடக்குங்கள்: 128, 64, 32. நெட்வொர்க் முகவரிக்கு ஒன்று, பிராட்காஸ்டுக்கு (எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பும் முகவரி) ஒன்று கழித்தால் 30 ஹோஸ்ட், அதாவது கருவிகளுக்குக் கொடுக்கக்கூடிய முகவரி. /21 கேட்டால் எதிர்ப்பக்கம்: 512, 1024, 2048. ஹோஸ்ட் 2046.

ஸ்லாஷுக்குப் பதில் மாஸ்க்கை, அதாவது அதையே நான்கு எண்களாக எழுதியதை, கொடுத்தால், அதில் 255-ஆகவும் பூஜ்யமாகவும் இல்லாத எண்ணை 256-இலிருந்து கழியுங்கள். 255.255.255.224-இல் 32 வரும். 255.255.248.0-இல் 8 வரும். அது மூன்றாவது இடத்தில் இருப்பதால் 256-ஆல் பெருக்க வேண்டும், 2048. இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இதுவரை எல்லோரும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மார்க் போவது கேள்வி தலைகீழாக வரும்போதுதான். "ஒரு தளத்தில் 62 கணினிகள், எந்த சப்நெட் போதும்?" /26-இல் 62 ஹோஸ்ட், கச்சிதமாகப் பொருந்துகிறது என்று உடனே எழுதிவிடுவார்கள். வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் கேட்வேக்கு முகவரி எங்கே? அதுவும் ஒரு ஹோஸ்ட்தான். மொத்தம் 63 ஆகிவிட்டது, /25-க்குத்தான் போக வேண்டும். தேர்வில் இது ஒரு மார்க். வேலையில் இதே தவறு நடந்தால் பிரிண்டரோ கேமராவோ ஐபி கிடைக்காமல் நிற்கும். காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் கேள்வியில் வெறும் கணினி எண்ணிக்கை இருக்கிறதா, கேட்வேயும் சேர்ந்த எண்ணிக்கையா என்று நிதானமாகப் படியுங்கள்.

இன்னொன்று, கோயம்புத்தூர் உக்கடத்தில் வாங்கிய பழைய புத்தகங்கள். சிலவற்றில் ஹோஸ்டில் மட்டுமல்ல, சப்நெட் எண்ணிக்கையிலும் இரண்டைக் கழிக்கச் சொல்லியிருக்கும். முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் ஒதுக்கி வைத்த காலத்து வழக்கம் அது. 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1878 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே அது காலாவதி என்று எழுதிவிட்டார்கள். ஒரு /24-ஐ /27-களாகப் பிரித்தால் முழுசாக 8 சப்நெட். ஒவ்வொன்றிலும் 30, ஆக மொத்தம் 240 ஹோஸ்ட். 254 என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் எட்டு துண்டுகளிலும் தனித்தனியாக இரண்டு போகிறது.

அப்புறம் /31. இருப்பதே இரண்டு முகவரி, சூத்திரப்படி இரண்டைக் கழித்தால் ஹோஸ்ட் பூஜ்யம். ஆனால் இரண்டு ரவுட்டர்களை மட்டும் நேராக இணைக்கும் லிங்க்கில் இரண்டு முகவரியையும் பயன்படுத்தலாம் என்று 2000-இல் ஆர்எஃப்சி 3021 அனுமதித்தது. கேள்வியில் பாயிண்ட் டு பாயிண்ட் என்று இருந்தால் விடை 2.