அணைக்க முடியாத நெருப்பும் அசையும் தளமும்

1970 டிசம்பர் 12. கென்யா விடுதலை பெற்று அன்றோடு ஏழு ஆண்டுகள். மாலிந்தி நகருக்கு அருகே, கடலடியில் எஃகுக் கால்களை ஊன்றி நின்ற சான் மார்கோ மேடையிலிருந்து ஒரு ஸ்கவுட் ராக்கெட் மேலெழுந்தது. ராக்கெட் அமெரிக்காவுடையது, மேடை இத்தாலியுடையது. சுமந்து சென்ற செயற்கைக்கோளின் எடை 150 கிலோகூட இல்லை. அந்த நாளின் நினைவாக அதற்கு 'உஹூரு' என்று பெயர் வைத்தார்கள். சுவாகிலி மொழியில் 'விடுதலை' என்று பொருள். எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. 339 எக்ஸ் கதிர் மூலங்களை அது பட்டியலிட்டுத் தந்தது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலம் ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவிலேயே ஏவுதளங்கள் இருக்க, ராக்கெட்டை ஆப்பிரிக்கக் கடலுக்குக் கொண்டுபோனது ஏன்? தென் அட்லாண்டிக் பகுதியின் மேலே பூமியைச் சூழ்ந்த, மின்னூட்டத் துகள்கள் நிறைந்த கதிர்வீச்சுப் பட்டை தாழ்ந்து வருகிறது. அதற்குள் புகுந்தால் எக்ஸ் கதிர் உணர்கருவிகள் தடுமாறும். அதைத் தவிர்க்க நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதை வேண்டும். உஹூருவின் பாதை நிலநடுக்கோட்டிலிருந்து சாய்ந்திருந்த அளவு, அதாவது பாதைச் சாய்வு, வெறும் 3 பாகை. ஆனால், ராக்கெட் புறப்படும் இடத்தின் அட்சரேகையைவிடக் குறைந்த சாய்வில் செயற்கைக்கோளை நேராக நிறுத்த முடியாது. ஃபுளோரிடா 28 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து போய் வானில் பாதையைத் திருப்ப, வினாடிக்கு 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கூடுதல் வேகமாற்றம் தேவைப்படும். சிறிய ராக்கெட்டுக்கு அது எட்டாத செலவு. ராக்கெட்டைப் பெரிதாக்குவதைவிட, தளத்தை நகர்த்துவது எளிது.

கடலில் வேலை செய்ய ஏற்றது திட எரிபொருள் ராக்கெட். திரவ ராக்கெட்டுக்கு மைனஸ் 183 பாகை செல்சியஸில் காக்க வேண்டிய திரவ ஆக்சிஜன், தொட்டிகள், குழாய்கள், நிரப்பும் பம்புகள் என ஒரு சிறு ஆலையே மேடையில் வேண்டும். ஸ்கவுட்டின் நான்கு அடுக்குகளும் திட எரிபொருளால் ஆனவை. மேடையில் அதற்கு எரிபொருள் நிரப்பும் வேலை இல்லை.

அப்படியானால் அந்த வேலை எங்கே போனது? எல்லாம் தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்திருக்கும். இக்காலத் திட எரிபொருளில் ஏறத்தாழ 70 விழுக்காடு அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு. எரியத் தேவையான ஆக்சிஜனை அதுவே தருகிறது. 18 விழுக்காடு அளவுக்கு அலுமினியத் தூள். மீதி பெரும்பாலும் ஒரு செயற்கை ரப்பர். தோசை மாவைவிடக் கெட்டியான குழம்பாக இவற்றைக் கலந்து, ராக்கெட்டின் உறைக்குள்ளேயே ஊற்றுவார்கள். நடுவில் ஓர் அச்சு நிற்கும். சூடான அறையில் சில நாள் வைத்தால் குழம்பு இறுகி, பென்சில் அழிக்கும் ரப்பரைப் போல ஆகிவிடும். பிறகு அச்சை உருவி எடுத்தால் நடுவில் நீளமான ஒரு துளை மிஞ்சும்.

ராக்கெட்டின் குணம் முழுவதும் அந்தத் துளையின் வடிவத்தில் இருக்கிறது. எரிபொருள் தன் பரப்பிலிருந்து உள்நோக்கி, வினாடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் கரைந்துகொண்டே போகும். எரியும் பரப்பு கூடினால் வாயு கூடும், உந்துவிசையும் கூடும். ஊதுபத்தி நுனியிலிருந்து மட்டும் எரிகிறது. பரப்பு மாறாது, ஆனால் விசை மிகக் குறைவு. வட்டத் துளையாக இருந்தால் எரிய எரியத் துளை அகன்று, விசை ஏறிக்கொண்டே போகும். நட்சத்திர வடிவத் துளையில் முனைகள் தேயும்போது இழக்கும் பரப்பைச் சுற்றளவின் வளர்ச்சி ஈடுசெய்கிறது. விசை ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. எந்த வினாடியில் எவ்வளவு உந்தல் என்பதைக் கணினியோ விமானியோ முடிவு செய்வதில்லை, அந்த அச்சைக் கடைந்தவர் முடிவு செய்கிறார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அழகாகவே தோன்றுகிறது.

இதே காரணத்தால் ஒரு விரிசல்கூடப் பேராபத்து. விரிசலுக்குள் நெருப்பு புகுந்தால் எரியும் பரப்பு திடீரெனக் கூடும்; அழுத்தம் ஏறும்; அழுத்தம் ஏறினால் எரியும் வேகமும் ஏறும்; உறை வெடித்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு மோட்டாரையும் எக்ஸ் கதிர் போன்ற முறைகளால் ஊடுருவிப் பார்க்கிறார்கள்.

பற்றவைத்த பிறகு இந்த நெருப்பை அணைக்க முடியாது. செயற்கைக்கோளுக்கோ வினாடிக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர் வேகம் துல்லியமாக அமைய வேண்டும். மிஞ்சும் ஆற்றலை என்ன செய்வது? மூக்கை வேண்டுமென்றே பக்கவாட்டில் வளைத்துச் செலுத்தி அதை வீணாக்குவது ஒரு வழி. சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் இந்தியாவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட் வேறு வழியை எடுத்துக்கொண்டது: மூன்று திட அடுக்குகள் எரிந்து முடிந்தபின், உச்சியிலுள்ள சிறிய திரவ அமைப்பு விட்டுவிட்டு எரிந்து கடைசித் திருத்தங்களைச் செய்கிறது. ஸ்கவுட்டின் நான்காவது அடுக்கு பம்பரம்போல் சுழன்றபடியே எரிந்தது. திசை பிசகாமல் காத்தது அந்தச் சுழற்சிதான்.

சான் மார்கோ கால் ஊன்றி நின்ற மேடை. மிதக்கும் கப்பலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ராக்கெட்டின் வழிகாட்டுக் கருவி, புறப்படும் கணத்தில் தான் எந்தத் திசையில், எவ்வளவு சாய்ந்து நின்றோம் என்பதிலிருந்தே எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. அந்தத் தொடக்கக் கணக்கில் ஒரு பாகைப் பிழை திருத்தப்படாமல் தங்கிவிட்டால், சுற்றுப்பாதை வேகத்தில் அது பக்கவாட்டில் வினாடிக்கு 130 மீட்டர் பிழையாக வளர்ந்துவிடும். தளமோ அலையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஆட்டத்தைத் தொடர்ந்து அளந்து, கடைசிக் கணம்வரை கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

2019 ஜூன் 5 அன்று மஞ்சள் கடலில் சீனா இதைச் செய்துகாட்டியது. 58 டன் எடையுள்ள லாங் மார்ச்-11 என்ற திட எரிபொருள் ராக்கெட் ஒரு மிதவையின் மேல், நீண்ட குழாய்க்குள் நின்றது. அடியில் உருவான வாயு அழுத்தம், வேட்டுக்குழலிலிருந்து வெளிவருவதுபோல அதை மேலே தள்ளியது. தளத்தை விட்டு எழுந்து காற்றில் நின்ற அந்த நொடியில்தான் முதல் அடுக்கு பற்றிக்கொண்டது. 3,000 பாகை வெப்பமுள்ள சுடர் கப்பலின் மேல் நேராகப் பாய்வது இதனால் தவிர்க்கப்பட்டது. அது கொண்டுசென்ற ஏழு செயற்கைக்கோள்களில் இரண்டு, கடற்பரப்புக் காற்றை அளப்பவை. 2024 ஜனவரி 11 அன்று ஷான்டோங் மாகாணக் கரையோரக் கடலிலிருந்து கிளம்பிய கிராவிட்டி-1 எடை சுமார் 400 டன். அதுவும் முழுக்கத் திட எரிபொருள் ராக்கெட்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எரிபொருளுக்குக் கிடைக்கும் உந்தலில் திரவ ராக்கெட் முந்திவிடும். திட மோட்டாரில் உறை முழுவதும் உயரழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கனம் கூடுகிறது. அதிர்வும் அதிகம். புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது.

எரிந்து கழியும் அடுக்குகள் விழ ஆளில்லாத இடம் வேண்டும் என்பதும் கடலை நாடுவதற்கு முக்கியமான காரணம். இதை நாம் அருகிலேயே பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட், இலங்கையின் மேலே பறக்காதபடி வளைந்து போகிறது. பெரிய ராக்கெட் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். 500 கிலோ மட்டுமே சுமக்கும் எஸ்எஸ்எல்விக்கு அது பேரிழப்பு. இந்தியா கப்பலைத் தேடவில்லை. புதிய ஏவுதளத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கு நின்று தெற்கே பார்த்தால், அண்டார்க்டிகா வரை பெரிய நிலம் எதுவும் குறுக்கிடுவதில்லை.