ரோமிங் பில்லை மறுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டிய பதிவுகள்

வெளிநாட்டுப் பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்து வந்த மொபைல் பில்லோடு என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது, "நான் அங்கே நெட்டைத் தொடவே இல்லை" என்பதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் புகார்க் கடிதத்தின் முதல் வரியாக இதை எழுதுவது, தோற்கப்போகும் இடத்தில் சண்டையைத் தொடங்குவதாகும். டேட்டா போனதற்கான பதிவு நிறுவனத்திடம் இருக்கும். அந்தப் பதிவை எடுத்துக் காட்டிப் புகாரை முடித்துவிடுவார்கள். கட்டணம் ஏறிக்கொண்டிருந்தபோது உங்களுக்கு எச்சரிக்கை வந்ததா, எந்த விகிதத்துக்கு நீங்கள் சம்மதித்திருந்தீர்கள், கணக்கிட்ட முறை ஒப்பந்தத்தில் சொன்னபடிதானா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் அவர்களுக்குக் கடினம்.

கையில் எடுக்காத போனும் டேட்டாவை இழுக்கும். புகைப்படங்களின் பேக்கப், ஆப் அப்டேட், மின்னஞ்சல் ஒத்திசைவு, வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் வீடியோ ஆகியவை டேட்டா ரோமிங் திறந்திருந்தால் திரை அணைந்திருக்கும்போதும் நடந்துகொண்டே இருக்கும். தங்கும் விடுதியின் வைஃபை நள்ளிரவில் அறுந்தால் மீதி வேலையை மொபைல் இணைப்பு ஏற்றுக்கொள்ளும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, போனின் அமைப்புகளுக்குள் சென்று டேட்டா பயன்பாட்டுப் பகுதியைப் படம் பிடித்து வைப்பது. ஐபோனில் ரோமிங் பயன்பாட்டுக்கென்று தனி எண்ணிக்கை உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஆப் வாரியாகக் கணக்கைப் பார்க்கலாம். அதை ரீசெட் செய்துவிட்டு வருபவர்கள் தங்கள் கையிலிருந்த ஒரே சொந்தச் சாட்சியத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

அடுத்து, நிறுவனத்திடம் எழுத்து மூலம் விரிவான பயன்பாட்டுப் பட்டியலைக் கேட்க வேண்டும். பில்லில் வரும் ஒற்றை வரித் தொகை போதாது. ஒவ்வொரு இணைப்பும் எப்போது தொடங்கியது, எத்தனை கிலோபைட் போனது, எந்த நெட்வொர்க் வழியாகப் போனது, எந்த விகிதத்தில் கட்டணம் போடப்பட்டது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை வாசிப்பதற்குச் சற்றுப் பொறுமை தேவை. நேரம் எந்த நாட்டுக் கணக்கில் அச்சாகியிருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். "அந்த நேரத்தில் நான் விமானத்தில் இருந்தேன்" என்று போர்டிங் பாஸோடு வாதாடச் சென்று, நேர வித்தியாசத்தைக் கழித்ததும் அடங்கிப்போன புகார்கள் உண்டு. பிறகு கட்டண அலகைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் ஒரு மெகாபைட்டுக்கு மேல்முழுதாக்கும் விதி இருந்தால், தலா 20 கிலோபைட் மட்டுமே போன 200 சிறு இணைப்புகள், அதாவது ஏறத்தாழ 4 மெகாபைட் பயன்பாடு, பில்லில் 200 மெகாபைட்டாக நிற்கும். அப்படி முழுதாக்கலாம் என்று கட்டண விவரத்தில் எங்குமே சொல்லப்படவில்லை என்றால், அது ஒன்றே வலுவான மறுப்பு.

நெட்வொர்க்கின் பெயர் இருக்கும் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நான் பார்க்கும் வழக்குகளில் ரோமிங் பேக் (வெளிநாட்டுப் பயணத்துக்கென வாங்கும் டேட்டா திட்டம்) போட்டுக்கொண்டு போயும் மாட்டிக்கொண்டவர்களுக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சில பேக்குகள் அந்த நாட்டின் குறிப்பிட்ட கூட்டாளி நிறுவனங்களுக்கு மட்டுமே செல்லும். போன் தானாக வேறொன்றைப் பிடித்தால் பேக்குக்கு வெளியே கட்டணம் ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான பேக்கோடு ரயிலில் சுவிட்சர்லாந்தைக் கடப்பவர் அந்த ஒன்றியத்தில் இல்லாத நாட்டின் டவரில் இருக்கிறார். எல்லையோர ஊர்களில் நாட்டை விட்டு நகராமலேயே பக்கத்து நாட்டு டவரில் போன் ஒட்டிக்கொள்வதும் சாதாரணம். கப்பலிலும் விமானத்திலும் உள்ள நெட்வொர்க்குகள் செயற்கைக்கோள் வழியே இயங்குபவை; எந்த நாட்டுப் பேக்கும் வழக்கமாக அவற்றுக்குப் பொருந்தாது. பட்டியலில் நாட்டின் பெயருக்குப் பதிலாக 901 என்று தொடங்கும் எண் தெரிந்தால், அது எந்த நாட்டுக்கும் உரியதல்லாத பன்னாட்டு நெட்வொர்க்குகளின் குறியீடு.

எச்சரிக்கை பற்றிய கேள்விதான் என் அனுபவத்தில் அதிகப் பலன் தருவது. "வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கணக்கு தாமதமாகத்தான் வந்தது, அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை" என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள். இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் நமக்கு சிம் தந்த நிறுவனத்தின் சொந்தக் கேட்வே (இணையத்தோடு இணைக்கும் நுழைவாயில்) வழியாகவே இணையத்துக்குப் போகிறது. அதாவது அது ஓடும்போதே அவர்களால் அளக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பைத் தேர்ந்தெடுக்காத பட்சத்தில், ஒரு பில் காலத்துக்கு வரி நீங்கலாக 50 யூரோ என்ற வரம்பு உண்டு. அதில் 80 சதவீதம் ஆனதும் அறிவிப்பு வர வேண்டும், வரம்பைத் தொட்டதும் வாடிக்கையாளர் தொடரச் சொன்னாலொழிய டேட்டா நிற்க வேண்டும். பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2024 அக்டோபர் 1 முதல், ரோமிங் தொடங்கும்போது கட்டணம் பற்றித் தகவல் அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. இத்தகைய விதி இல்லாத நாடுகளிலும், நிறுவனத்தின் சொந்த விதிமுறைகளில் கடன் வரம்பு, பயன்பாட்டு எச்சரிக்கை என்று ஏதாவது எழுதியிருக்கும். எழுதியிருந்தால் அதைச் செய்தாக வேண்டும். எனவே எந்தெந்த எச்சரிக்கை எஸ்எம்எஸ் எந்த நேரத்தில் அனுப்பப்பட்டது, அது போனைச் சென்றடைந்ததா என்ற பதிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "அனுப்பினோம்" என்ற வாய்ப்பதிலை எழுத்தில் வாங்க முயன்றதும் குரல் மாறுவதை நானே கேட்டிருக்கிறேன்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். பயணத் தேதிகள், பேக்கைப் போட்ட நேரம், மறுக்கும் தொகை, மறுக்கும் காரணம், கேட்கும் பதிவுகள், எதிர்பார்க்கும் தீர்வு, இவ்வளவே போதும். கோபத்துக்கு அதில் இடம் தேவையில்லை. தொலைபேசியில் பேசியிருந்தாலும் அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் மேல்முறையீட்டுக்கான கால வரம்பு பெரும்பாலும் புகார் பதிவான நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. நிறுவனத்தின் உள்முறையீடு முடிந்த பிறகே ஒழுங்குமுறை அமைப்போ குறைதீர்ப்பாளரோ நுகர்வோர் மன்றமோ கதவைத் திறக்கும் நாடுகள் பல. படியைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கிடையில் மாத வாடகை, உள்நாட்டு அழைப்பு போன்ற, நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிட்டு, மீதி தகராறில் இருப்பதாக எழுத்தில் தெரிவிப்பது பாதுகாப்பான வழி. தானியங்கிக் கட்டணமுறை வைத்திருப்பவர்கள் முழுத் தொகையும் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவதற்குள் வங்கியிடம் பேசிவிட வேண்டும். கார்டு நிறுவனம் மூலம் பணத்தைத் திருப்பி எடுப்பதை முதல் அடியாக நான் யாருக்கும் சொல்வதில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டு, பாக்கி வசூல் முகவரிடம் போய், கடன் வரலாற்றில் கறை விழுந்தால், அந்தக் கறையைத் துடைப்பது பில்லைக் குறைப்பதைவிட நீண்ட வேலையாகிவிடும்.

சில வாரங்களில் நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைக் கழிக்கிறோம் என்று ஓர் அழைப்பு வரலாம். பதிவுகளைக் கேட்டு அவை இன்னும் தரப்படாத நிலையில் வரும் அழைப்பாக இருந்தால், பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதிலளியுங்கள். பதிவுகள் உங்களுக்கு எதிராக இருந்தால் பாதித் தள்ளுபடி நல்ல தீர்வுதான், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். எப்படி முடிந்தாலும் முடிவை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதில் கழிக்கப்படும் தொகை வரியையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்ததா, வசூல் முகவரிடமிருந்து கணக்கு திரும்பப் பெறப்பட்டதா என்ற இரண்டும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அடுத்த பில் வந்ததும் அந்தத் தொகை உண்மையிலேயே வரவாகியிருக்கிறதா என்று சரிபார்த்த பின்புதான் கோப்பை மூட வேண்டும்.