கடலடிக் கம்பியும் 67893 என்ற எண்ணும்

சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "முதல் உலகப் போரில் சேரவே மாட்டோம் என்று ஒதுங்கியிருந்த அமெரிக்கா கடைசியில் ஏன் சேர்ந்தது?" டியூஷன் வாத்தியார் 'நீர்மூழ்கிக் கப்பல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம்.

அது தப்பான விடையில்லை, பாதி விடை. அந்தப் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் நடுநிலை அறிவித்தார். நடுநிலை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதல்ல. வியாபாரம் நடந்தாக வேண்டும். ஜெர்மனியைப் பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையிட்டிருந்ததால் சரக்கும் கடனும் ஒரு பக்கமாகவே போய்ச் சேர்ந்தன. 1917 ஏப்ரல் வரை பிரிட்டன், பிரான்ஸ் முதலான நேச நாடுகள் அமெரிக்காவில் வாங்கிய கடன் ஏறக்குறைய 230 கோடி டாலர். ஜெர்மனி வாங்கியது 3 கோடிகூட இல்லை. அந்தச் சரக்கைத் தடுக்க ஜெர்மனி நீர்மூழ்கிகளை இறக்கியது. 1915 மே 7-இல் லூசிட்டானியா பயணிகள் கப்பல் மூழ்கி ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கர்கள். அப்போதும் அமெரிக்கா போருக்குப் போகவில்லை. 'நம்மைப் போரில் சிக்கவிடாமல் காத்தவர்' என்று சொல்லித்தான் 1916 தேர்தலில் வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள், அவரும் ஜெயித்தார். 1917 பிப்ரவரி 1 முதல் எந்தக் கப்பலானாலும் முன்னறிவிப்பின்றி அடிப்போம் என்று ஜெர்மனி சொன்ன பிறகும், வில்சன் தூதரக உறவை முறித்ததோடு நின்றுகொண்டார்.

அப்புறம் ஏப்ரல் 6-இல் எப்படிப் போர்ப் பிரகடனம் வந்தது? இடையில் ஒரு தந்தி வந்தது.

அந்தத் தந்தியின் கதைக்கு நம் காட்டோடும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்துக் கடலடித் தந்திக் கம்பிக்குள் உப்புத் தண்ணீர் புகாமல் காத்தது எது என்று கேட்டால், கித்தா மரம் சீவிய குடும்பத்தில் பிறந்த யாரும் ரப்பர் என்றுதான் சொல்வார்கள். ரப்பர் இல்லை. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலில் கிடைக்கும் கட்டா பெர்ச்சா. இரண்டும் ஐசோப்ரீன் என்ற ஒரே மூலக்கூறு கோத்துக்கொண்ட சங்கிலிகள்தான். ரப்பரில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக வளைவதால் சங்கிலி சுருண்டு கிடக்கிறது, இழுத்தால் நீள்கிறது. கட்டா பெர்ச்சாவில் வளைவு மாறி மாறி வருவதால் சங்கிலி நேராக நிற்கிறது. ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொண்டு இறுகிவிடுகிறது. சுடுநீரில் போட்டால் இளகும், கம்பிமேல் பூசலாம்; ஆறினால் இறுகும்; கடலடியில் பல பத்தாண்டுகள் கெடாது. ஒரு கெட்ட செய்தியும் உண்டு: ரப்பரைப் போலச் சீவிப் பால் எடுக்காமல் மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாபான் மரங்கள் காடு காடாகச் சாய்ந்தன.

அந்தக் கம்பிகளில் பெரும்பகுதி பிரிட்டன் கையில் இருந்தது. போர் அறிவித்த மறுநாளே, 1914 ஆகஸ்ட் 5-இல், 'அலர்ட்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கம்பிகளைத் தூக்கி வெட்டியது. அதன்பிறகு அமெரிக்காவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டுமென்றால் ஜெர்மனிக்குப் பிறர் கம்பிதான் கதி. வில்சனுக்குச் சமாதானம் பேசி வைக்கும் ஆசை இருந்தது. அதற்கு வசதியாக அமெரிக்கத் தூதரகக் கம்பியிலேயே, அதுவும் சங்கேத மொழியிலேயே, ஜெர்மனி செய்தி அனுப்பிக்கொள்ளச் சம்மதித்தார். கோப்பன்ஹேகனிலிருந்து வந்த அந்தக் கம்பி லண்டன் வழியாகப் போனது. பிரிட்டன் அதையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

1917 ஜனவரி 16. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் சிம்மர்மன், வாஷிங்டனிலிருந்த ஜெர்மன் தூதரகம் வழியாக, மெக்சிகோவுக்கு ஒரு யோசனை அனுப்பினார்: அமெரிக்கா போரில் இறங்கினால் நாம் கூட்டுச் சேருவோம், நீங்கள் முன்பு இழந்த டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ள எங்களுக்குச் சம்மதம். அமெரிக்காவின் நிலத்தைப் பங்கு போடும் யோசனை அமெரிக்காவின் கம்பியிலேயே போனது.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஜெர்மன் தூதரகங்களிடம் சங்கேதப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண். பெர்லினிலிருந்து வாஷிங்டனுக்கு வந்த செய்தி 0075 என்ற புதிய புத்தகத்தில் இருந்தது. அதில் எண்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டிருந்தார்கள். சங்கேதங்களை உடைத்துப் படிக்கும் பிரிட்டிஷ் கடற்படையின் 'அறை 40' குழுவால் அதில் கொஞ்சம்தான் படிக்க முடிந்தது. ஆனால் மெக்சிகோவிலிருந்த ஜெர்மன் தூதரகத்திடம் 0075 புத்தகம் இல்லை. அதனால் வாஷிங்டன் தூதர் பெர்ன்ஸ்டார்ஃப் அதே செய்தியைப் பழைய 13040 புத்தகத்துக்கு மாற்றி, காசு கட்டி அனுப்பும் சாதாரணத் தந்தியில் அனுப்பினார். ஓட்டை அங்கேதான் விழுந்தது. 13040-இல் எண்கள் பகுதி பகுதியாக அகர வரிசையிலேயே போகும். ஓர் எண்ணின் பொருள் தெரிந்தால் பக்கத்து எண் எந்த எழுத்தில் தொடங்கும் என்று ஊகிக்கலாம். பல காலம் புழங்கிய புத்தகம் என்பதால் அறை 40 அதில் பெரும்பகுதியை ஏற்கனவே மீட்டு எழுதி வைத்திருந்தது.

அவர்கள் கையில் அவ்வளவு இருந்தது. நாம் வெறுங்கையோடு ஒரு துண்டைப் பார்ப்போம். அந்தத் தந்தியில் இப்படி ஒரு வரிசை வருகிறது:

67893 14218 36477 5870 17553 67893 5870 5454 16102 15217 22801

67893 இரண்டு தரம் வருகிறது. 5870-உம் இரண்டு தரம். 5870 இடைவெளி விட்டு வரும் விதத்தைப் பார்த்தால் அது காற்புள்ளி போலிருக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு பட்டியல். பட்டியலின் நடுவில் இருப்பது '17553 67893'. தனியாக நின்றாலும் ஓர் ஊர், முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் வேறோர் ஊர். அப்படி எது? மெக்சிகோ, நியூ மெக்சிகோ! அப்படியானால் பக்கத்தில் நிற்கும் 36477 டெக்சஸாக இருக்கலாம், இருந்தது. கடைசி நான்கு எண்கள்தான் உச்சம். ஜெர்மன் தூதர் யாரும் அரிசோனாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்று புத்தகம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயருக்கு எண்ணே கிடையாது. அதனால் பெயரை நாலாக உடைத்து அர், இஸ், ஓன், ஆ என்று துண்டு துண்டாக அனுப்பினார்கள்.

நம் ஊரில் எண்ணுக்குள் செய்தி தேடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. முச்சந்தியில் கார் கவிழ்ந்தால், அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு நாலு நம்பர் லாட்டரி எடுக்க ஓடுகிறவரை நானே பார்த்திருக்கிறேன். வித்தியாசம் இதுதான்: 67893 மெக்சிகோ என்றால் வருகிற ஒவ்வொரு தந்தியிலும் அது மெக்சிகோவாகவே பொருந்த வேண்டும். ஒரு வாக்கியம் உளறினாலும் ஊகத்தைத் தூக்கிப் போட வேண்டும். நம்பர் எடுக்கிறவர் தம் கணக்கை ஒருநாளும் தூக்கிப் போடுவதில்லை.

இதைப் படித்தெடுத்தவர்களில் நைஜல் டி கிரே பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். வில்லியம் மான்ட்கோமரி ஜெர்மன் இறையியல் நூல்களை மொழிபெயர்த்த பாதிரியார். மொழியும் பழைய இலக்கியமும் படிக்கிறவனுக்கு எதற்கு மானியம் என்று கேட்கிற அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் எழுதிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை.

சரி, செய்தி கிடைத்துவிட்டது. அமெரிக்காவிடம் எப்படிக் கொடுப்பது? "எங்கள் கம்பியையே ஒட்டுக்கேட்டீர்களா?" என்று வாஷிங்டன் கேட்கும். ஜெர்மனியோ உடனே புத்தகத்தை மாற்றிவிடும். பிரிட்டிஷ் கடற்படை உளவுத் தலைவர் ரெஜினால்ட் ஹால் பொறுத்திருந்தார். மெக்சிகோ நகரத் தந்தி அலுவலகத்திலிருந்து 13040 எண்களில் வந்த தந்தியின் நகல் ஒன்றைக் கைப்பற்ற ஏற்பாடு செய்தார். இனி செய்தி மெக்சிகோவில் கசிந்தது என்றே எல்லாரும் நினைப்பார்கள். ஜெர்மனியும் பிறகு அப்படித்தான் மெக்சிகோவில் கசிவைத் தேடியது. பிப்ரவரி 24-இல் தந்தி அமெரிக்கர் கைக்கு வந்தது. மார்ச் 1-இல் பத்திரிகைகளில் வெளியானது. போலி என்று சொன்னவர்கள் நிறையப் பேர். மார்ச் 3-இல் சிம்மர்மனே 'அது உண்மைதான்' என்று ஒப்புக்கொண்டு அவர்கள் வாயை அடைத்தார். இந்த மனிதர் ஏன் மறுக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

தந்தி மட்டும் போருக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மார்ச் நடுவில் அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கியதும் சேர்ந்துகொண்டது. ஆனால் அட்லாண்டிக்கில் போகும் கப்பல் கிழக்குக் கரைக்காரர்களின் கவலை. டெக்சஸ் விவசாயிக்கு அது எட்டாத சங்கதி. தன் நிலமே அடுத்தவன் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்கும் போர் வாசலுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 6-இல் கீழவை 373-க்கு 50 என்று போருக்கு ஓட்டளித்தது.

மெக்சிகோ அதிபர் கரான்சா அந்த யோசனையைத் தம் ராணுவத்தாரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நடக்கிற காரியமில்லை என்று அவர்கள் சொல்ல, ஏப்ரல் நடுவில் அதை மறுத்துவிட்டார். போர் முடியும்வரை மெக்சிகோ நடுநிலையிலேயே இருந்தது.